பனியில் மங்கும் விளக்கு
(பழைய அம்பாசடர் காரில் கோளாறு கண்டுபிடிப்பது எப்படி?)



நம் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் ரோட்டில் மழைக்காலத்து விடிகாலையில் போனவர்களுக்குத் தெரியும், எதிரே பத்தடி தள்ளி என்ன இருக்கிறது என்றே தெரியாது. அந்த மாதிரி நேரத்தில் கை கொடுப்பதுதான் பம்பரில் மாட்டும் பனிவிளக்கு. எல்லாரும் ஃபாக் லைட் என்றுதான் சொல்வோம். இதைக் கார் கம்பெனியே மாட்டித் தருவது இப்போதைய வழக்கம். பழைய கார்களில் அப்படி இல்லை. வாங்கியவர் தன் செலவில் கடையில் கொடுத்து மாட்டிக்கொள்வார். இப்படி அப்புறமாகச் சேர்த்த விளக்குகளில்தான் கோளாறு அதிகம் வரும். ஏன் வருகிறது, எப்படிப் பிடிப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை. பத்தாம் வகுப்பில் படித்த மின்னோட்டவியல் பாடம் கொஞ்சம் ஞாபகம் இருந்தால் போதும்.

முதலில் கார் பற்றி இரண்டு வரி. அம்பாசடர் என்பது இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை வைத்துச் செய்தது. 1950-களின் கடைசியில் ஆரம்பித்து 2014 மே மாதம் வரை கல்கத்தா பக்கம் உத்தரபாராவில் செய்தார்கள். இப்போது புதிது கிடையாது, ஓடுவதெல்லாம் பழசுதான். அந்தக் காலத்து இங்கிலாந்துக் கார்களுக்கு மின்சாமான் பெரும்பாலும் பர்மிங்காமின் லூகாஸ் கம்பெனியுடையது. (நம்ம சென்னைப் பாடியில் இருக்கும் லூகாஸ் டிவிஎஸ் 1961-இல் அதோடு கூட்டாகத் தொடங்கியதுதான்.) பழைய கார் வைத்திருக்கும் இங்கிலாந்துக்காரர்கள் லூகாஸை "இருட்டின் இளவரசர்" என்று கிண்டல் செய்வார்களாம். எனக்கு இது கொஞ்சம் அநியாயமாகப் படுகிறது. நாற்பது ஐம்பது வருஷம் மழையிலும் வெயிலிலும் கிடந்த செம்புக்கம்பி பாசி பிடிக்காமல் என்ன செய்யும்?

சரி, விஷயத்துக்கு வருவோம்.

வீட்டில் ஒரு பல்புக்கு இரண்டு வயர் போகும். காரில் பெரும்பாலும் ஒரே வயர்தான் போகும். திரும்பி வரும் பாதை காரின் இரும்பு உடம்பு. பேட்டரியின் ஒரு முனையைத் தடிமனான கேபிள் போட்டு பாடியில் இறுக்கியிருப்பார்கள். அதைத்தான் எர்த் என்கிறோம். பேர்தான் எர்த், மண்ணுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. ஆகவே பனிவிளக்கின் மின்பாதை இப்படி: பேட்டரி, ஃபியூஸ், டாஷ்போர்டில் இருக்கும் சுவிட்ச், வயர், பல்பு, விளக்கின் தகரக் கூடு, அது நிற்கும் போல்ட், பம்பர், பம்பரைத் தாங்கும் பட்டை, பாடி, மறுபடி பேட்டரி. இடது ஓரத்தில் படம் போட்டிருக்கிறேன், பாருங்கள்.

எத்தனை இணைப்பு என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றும் தொடர் இணைப்பு. ஒரு இடத்தில் துரு பிடித்தாலும் பாதை முழுக்க அடி வாங்கும். அதிலும் பல்புக்கு அப்புறம் வரும் பாதி, அதாவது எர்த் பக்கம், யார் கண்ணிலும் படாது. வயர் இல்லாததால் அங்கே கோளாறே வராது என்று நினைத்துவிடுவோம். என் சித்தப்பா ஆட்டோ எலக்ட்ரீசியன். லைட் சரியில்லை என்று வண்டி வந்தால் அவர் முதலில் கை வைப்பது எர்த்தில்தான்.

இப்போது கணக்கு. பனிவிளக்கு பல்பு பொதுவாக 55 வாட். 12 வோல்ட்டில் அது எடுக்கும் மின்னோட்டம் 55-ஐ 12-ஆல் வகுத்தால் சுமார் 4.6 ஆம்பியர். இரண்டு விளக்குக்கும் சேர்த்து 9.2 ஆம்பியர். வீட்டில் 60 வாட் குண்டு பல்புக்குக் கால் ஆம்பியர்கூடப் போதும்! வாட் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் வோல்ட் குறைவு என்பதால் காரில் மின்னோட்டம் அதிகம். மின்னோட்டம் அதிகம் என்றால் சின்னத் தடைகூடப் பெரிய ஆள். 0.1 ஓம் தடையில் 9.2 ஆம்பியர் ஓடினால் 0.92 வோல்ட் அங்கேயே தின்றுவிடும்.

அதில் இன்னொரு சங்கடம். வோல்ட் கொஞ்சம் குறைந்தால் வெளிச்சமும் அதே அளவுதான் குறையும் என்று நினைக்க வேண்டாம். டங்ஸ்டன் இழை பல்பில் வெளிச்சம் வோல்ட்டின் ஏறக்குறைய 3.4 அடுக்கில் மாறும். 12 வோல்ட் பல்புக்குப் பத்துதான் கிடைத்தால் வெளிச்சம் பாதியை ஒட்டி வந்துவிடும். "லைட் எரியுது, ஆனா ரோடு தெரியல" என்று டிரைவர்கள் சொல்வது இதனால்தான்.

இதை ஒரு உண்மை வண்டியை வைத்தே சொல்கிறேன். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் மார்க் 4 அம்பாசடர் வைத்திருக்கிறார். அவங்க அம்மாவுக்கு வாரம் ஒரு தடவை கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் சிகிச்சை. விடிகாலை நாலு மணிக்கே கிளம்பியாக வேண்டும். வீட்டு வாசலில் போட்டால் பனிவிளக்கு நன்றாக எரியும். பத்து நிமிஷம் போனதும் மெதுவாக மங்கும். ஒரு நாள் கொண்டை ஊசி வளைவில் இரண்டும் சேர்ந்து அணைந்துவிட்டது. பக்கத்தில் பள்ளம், பின் சீட்டில் வயசான அம்மா. வேறு ஒரு கடையில் காட்டியதற்கு, மீட்டர் வைத்துப் பார்த்து "பன்னெண்டு வோல்ட் வருது, வயரிங் நல்லாருக்கு, பல்புதான் வீக்கு, நூறு வாட் போட்டுருங்க" என்று சொல்லியிருக்கிறார்கள்.

நூறு வாட் இரண்டு போட்டால் என்ன ஆகும்? மின்னோட்டம் 16 ஆம்பியரைத் தாண்டும். தடையில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியில் ஏறும் என்பது ஜூல் விதி. அதாவது ஏற்கெனவே சூடாகும் இடம் மூன்று மடங்குக்கு மேல் சூடாகும். சித்தப்பா கேட்டதும், "அண்ணே, வேண்டவே வேண்டாம். முதல்ல வண்டியை ஷெட்டுக்கு விடுங்க, ஒரு மணி நேரம் பாத்துடலாம்" என்றார்.

மீட்டர் 12 வோல்ட் காட்டியது பொய்யா? பொய்யில்லை. இதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான இடம், தயவுசெய்து நின்று படியுங்கள். அந்தக் கடைக்காரர் பல்பின் சாக்கெட்டைக் கழற்றிவிட்டு, வெறும் வயர் முனையில் மீட்டரை வைத்திருக்கிறார். அப்போது பாதையில் மின்னோட்டமே கிட்டத்தட்ட இல்லை, மீட்டர் இழுப்பது ஒன்றுமே இல்லாத அளவு. V = I × R. I சுழி என்றால் R எவ்வளவு மோசமாக இருந்தாலும் V சுழிதான். ஒரே ஒரு நூல் கம்பி ஒட்டிக்கொண்டிருந்தால்கூட மீட்டர் முழு 12 காட்டும். தண்ணீர்க் குழாயை மூடிவைத்து அழுத்தம் பார்ப்பது மாதிரி. அடைப்பு இருக்கிறதா என்று குழாயைத் திறந்தால்தானே தெரியும்? ஆகவே விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதுதான் அளக்க வேண்டும்.

சித்தப்பா செய்தது இது. விளக்கைப் போட்டுப் பத்து நிமிஷம் விட்டார். பிறகு மீட்டரை வோல்ட்டில் வைத்து வரிசையாக அளந்தார், நான் நோட்டில் குறித்தேன்.

பேட்டரியின் இரு முனைகளுக்கு இடையே 12.4.
பல்பின் இரு முனைகளுக்கு இடையே 9.3.
எங்கேயோ 3.1 வோல்ட் காணோம்!

திருடனைப் பிடிக்க, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸில் வைத்து, மறுமுனையை விளக்கின் தகரக் கூட்டில் தொட்டார். பாதை சுத்தமாக இருந்தால் இங்கே சுழியை ஒட்டித்தான் வர வேண்டும், அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் கெட்டிருக்கிறது என்று அர்த்தம். வந்தது 1.1. அடுத்து ஒரு முனை பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனை பல்புக்கு வரும் வயரில். 2.0. இரண்டையும் கூட்டினால் 3.1, கணக்கு டேலி. அப்புறம் சுவிட்ச்சின் இரண்டு காலிலும் மீட்டரை வைத்தார். அங்கே மட்டுமே 1.4 வோல்ட். மீதி 0.6 வயரிலும் முறுக்கின இணைப்பிலும்.

அந்த நேரத்தில் ஓடின மின்னோட்டம் 8 ஆம்பியர் சுமார். 1.4 × 8 = 11 வாட் வெப்பம், ஒரு கட்டைவிரல் அளவு சுவிட்ச்சுக்குள்ளே! தொட்டுப் பார்த்தேன், சுட்டது. பிளாஸ்டிக் லேசாக இளகியிருந்தது. முதலில் நன்றாக எரிந்து பிறகு மங்கியதற்குக் காரணம் இதுதான். சூடு ஏறினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளரும், தொடும் இடம் கறுக்கும், தடை ஏறும், தடை ஏறினால் இன்னும் சூடு. இப்படியே சுற்றிச் சுற்றி ஒரு கட்டத்தில் தொடர்பே விட்டுப்போகும். வாசலில் ஒரு நிமிஷம் போட்டுப் பார்க்கிறவர்களுக்கு இது அகப்படவே அகப்படாது.

டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்க்கலாமே என்று சிலர் கேட்பார்கள். வயர் முழுசாக அறுந்திருந்தால் அது போதும், சீக்கிரமும்கூட. ஆனால் 5 வாட் டெஸ்ட் லாம்ப் எடுப்பது 0.4 ஆம்பியர்தான். பாதையில் 0.3 ஓம் தடை இருந்தாலும் 0.12 வோல்ட்தான் குறையும், லாம்ப் பளிச்சென்று எரிந்து நம்மை ஏமாற்றும். மங்கல் நோய்க்கு மேலே சொன்ன அளவுதான் மருந்து.

பானெட்டைத் திறந்து வயரைப் பின்தொடர்ந்தபோது இன்னொன்று தெரிந்தது. பனிவிளக்கு வயரை யாரோ முன்பு பழுப்பு நிற வயரைச் சீவி அதிலேயே முறுக்கி, டேப் சுற்றி விட்டிருக்கிறார்கள். இங்கிலாந்து வழக்கத்தில் வயருக்கு நிற அர்த்தம் உண்டு. பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேரே வருவது, ஃபியூஸ் கிடையாது. வெள்ளை சாவி போட்டால் உயிர் வருவது, இதுக்கும் ஃபியூஸ் இல்லை. பச்சை சாவியும் ஃபியூஸும் தாண்டி வருவது. ஊதா எப்போதும் உயிரோடு இருக்கும், ஆனால் ஃபியூஸ் உண்டு. நீலம் ஹெட்லைட், சிவப்பு சைடு லைட்டும் டெயில் லைட்டும். கறுப்பு எர்த். வீட்டு வயரிங் தெரிந்தவர்கள் இங்கேதான் குழம்புவார்கள், அங்கே சிவப்பு பார்த்தால் பேஸ் என்று பழக்கம். (நாற்பது வருஷத்தில் பல கை பட்ட வண்டியில் நிறத்தை மட்டும் நம்பிவிடவும் கூடாது.)

பழுப்பில் முறுக்கினால் என்ன ஆபத்து? அந்த வயர் கிரில் பக்கம் தகர ஓட்டை வழியாக முன்னே போகிறது. ஓட்டையில் ரப்பர் வளையம் இல்லை. வண்டி ஆட ஆட, தகர விளிம்பு வயரின் மேல்தோலை அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. பாதி அறுந்துவிட்டது. செம்பு தகரத்தைத் தொட்டிருந்தால் பேட்டரி நேராக ஷார்ட். நடுவில் ஃபியூஸ் இருந்தால் அது உருகி வயரைக் காப்பாற்றும். இல்லாததால் வயரே ஃபியூஸ் ஆகும், அதாவது முழு நீளமும் பழுத்து, பக்கத்து வயர்களையும் சேர்த்து எரிக்கும். பழைய கார்கள் ரோட்டோரம் எரிந்து நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். விளக்கு மங்கினதால் வண்டியைத் திறந்து பார்த்தோம். மங்காமலே இருந்திருந்தால்?

ஃபியூஸ் பற்றி ஒரு சமாச்சாரம். அந்தக் கால இங்கிலாந்துக் கார்களில் மொத்தமே இரண்டு கண்ணாடி ஃபியூஸ்தான் இருக்கும். லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் 35 ஆம்பியர் என்று போட்டிருந்தால் அது உருகிப்போகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். இப்போது கடையில் கிடைக்கும் தட்டை ஃபியூஸில் போட்டிருக்கும் எண் தொடர்ந்து தாங்கும் அளவு. எனவே பழைய 35-க்குப் பதிலாகப் புதுசில் 30 போடுவது இருமடங்கு விட்டுவைப்பது மாதிரி. அதைவிட மோசம், ஃபியூஸ் போனதும் சிகரெட் டப்பா வெள்ளித்தாளைச் சுற்றி வைப்பது. இது எங்கேயும் பார்க்கலாம், ஒருபோதும் செய்யக் கூடாது.

இனி சரி செய்த விதம். முதலில் பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றினார். பிளஸ்ஸை முதலில் கழற்றினால் ஸ்பேனர் தெரியாமல் பாடியில் பட்டதும் தீப்பொறி பறக்கும். எர்த்தை எடுத்துவிட்டால் ஸ்பேனர் எங்கே பட்டாலும் கவலையில்லை. திரும்ப மாட்டும்போது எர்த் கடைசி. இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். 1950, 60-களின் இங்கிலாந்துக் கார்கள் பலவற்றில் பிளஸ்தான் எர்த்! தடிமன் கேபிள் எந்த முனையிலிருந்து பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். சாதாரண பல்புக்கு எந்தத் திசையில் ஓடினாலும் ஒன்றுதான், எல்இடி போட்டால் திசை மாறினால் எரியாது.

அப்புறம் ரிலே. இது ஒரு மின்காந்த சுவிட்ச், நான்கு கால். டாஷ்போர்டு சுவிட்ச் இனிமேல் ரிலேயின் சுருளுக்கு மட்டும் கரண்ட் கொடுக்கும். அது ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. விளக்குக்கான பெரிய மின்னோட்டம் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக ரிலேக்கு வந்து, நேரே விளக்குக்குப் போய்விடும். காலில் எண் அச்சடித்திருக்கும்: 30 பேட்டரியிலிருந்து வருவது, 87 விளக்குக்குப் போவது, 85-உம் 86-உம் சுருளின் இரு முனைகள். ஃபியூஸ் 15 ஆம்பியர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே. தள்ளி வைத்தால் அதுவரை உள்ள வயருக்குக் காவல் இல்லை.

வயர் 2.5 சதுர மில்லிமீட்டர். முன்பு இருந்தது 1 சதுர மில்லிமீட்டர். 4 மீட்டர் நீளத்துக்கு ஒல்லி வயரின் தடை சுமார் 0.07 ஓம், இதுக்கு 0.03-க்கும் கொஞ்சம் குறைவு. எர்த்துக்குப் பம்பரை நம்பாமல், விளக்கின் கூட்டிலிருந்து தனியாக வயர் இழுத்து, சேஸிஸில் ஒரு இடத்தில் பெயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெள்ளை இரும்பு தெரிந்ததும் பல் வாஷர் வைத்து போல்ட் இறுக்கினார். மேலே வாஸ்லின் தடவினார், துரு ஏறாமல் இருக்க. ஓட்டையில் புது ரப்பர் வளையம். சுவிட்ச்சையும் புதுசாக மாற்றினார், இளகின சுவிட்ச்சை விட்டுவைப்பானேன்.

மறுபடி அளந்தபோது பேட்டரியில் 12.4, பல்பில் 12.0. அதே 55 வாட் பல்புதான். கால் மணி நேரம் எரியவிட்டு அளந்தும் அதே 12.0. அடுத்த வாரம் அவர் வந்து, "தம்பி, ரோட்டோரத்து வெள்ளைக்கோடு முழுசாத் தெரியுதுப்பா, அம்மாவே சொல்றாங்க" என்றார்.

ஃபியூஸ் போட்ட உடனே உருகிக்கொண்டே இருந்தால் வேறு வைத்தியம். ஃபியூஸை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு 21 வாட் பல்பை மாட்டுங்கள். ஷார்ட் இருக்கும்வரை அந்த பல்பு முழுசாக எரியும், ஆனால் வயர் எரியாது, ஏனென்றால் பல்பு 1.75 ஆம்பியருக்கு மேல் விடாது. இப்போது வயரை ஒவ்வொரு இடமாக அசைத்துக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் அசைக்கும்போது பல்பு அணைகிறதோ அங்கேதான் ஷார்ட். ஃபியூஸ் டஜன் கணக்கில் வீணாகாது.

டைனமோ வைத்த பழைய வண்டி என்றால் இன்னும் ஒரு கணக்குப் போட வேண்டும். அந்தக் காலத்து லூகாஸ் சி-40 டைனமோ அதிகபட்சம் தருவது 22 ஆம்பியர், அதுவும் இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது. ஹெட்லைட் 7.5, சைடு லைட் வகையறா 2, இக்னிஷன் 3, வைப்பர் 3, பனிவிளக்கு 9.2. கூட்டினால் 24.7! மீதியைப் பேட்டரி தன் கையிலிருந்து போட வேண்டும். மலையில் மெதுவாகப் போகும்போது டைனமோ இன்னும் கம்மியாகத்தான் கொடுக்கும். அப்படிப்பட்ட வண்டியில் பனிவிளக்கு போட்டால் ஹெட்லைட்டை அணைத்துவிடுவது நல்லது. பனியில் ஹெட்லைட் வெளிச்சம் எப்படியும் திரும்பி நம் கண்ணில்தானே அடிக்கிறது. பிறகு வந்த ஆல்டர்னேட்டர் வண்டிகளில் இந்தப் பிரச்சினை அவ்வளவாக இல்லை.

நண்பர்கள் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வி: மஞ்சள் பல்பு போட்டால் பனியைத் துளைக்குமா? பனித்துளி, ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது. அதனால் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். பனிவிளக்கு உதவுவது நிறத்தால் அல்ல. அது தாழ்வாக நிற்கிறது, வெளிச்சம் அகலமாகவும் மேல்பக்கம் வெட்டின மாதிரியும் விழுகிறது, அதனால்தான். மஞ்சள் கண்ணுக்கு இதமாக இருக்கிறது என்பவர்கள் போட்டுக்கொள்ளட்டும், தப்பில்லை.

யோசிக்க ஒரு புதிர்: ஒரு பழைய காரில் முன்பக்கம் இடது சைடு லைட்டும் இடது இண்டிகேட்டரும் ஒரே கூட்டுக்குள் இருக்கின்றன. சைடு லைட்டை மட்டும் போட்டால், அதோடு சேர்ந்து இண்டிகேட்டர் பல்பும் லேசாக மின்னுகிறது. டாஷ்போர்டில் இருக்கும் இண்டிகேட்டர் விளக்கும் மங்கலாக எரிகிறது. இண்டிகேட்டரைப் போட்டால் சைடு லைட் கண் சிமிட்டுகிறது. எல்லா பல்பும் புதுசு, ஃபியூஸ் எல்லாம் நன்றாக இருக்கிறது. கோளாறு எந்த ஒரே இடத்தில்? மின்னோட்டம் எந்த வழியாகச் சுற்றிப் போகிறது? படத்தோடு எழுதி, வெள்ளிக்கிழமைக்குள் அறிவியல் ஆய்வகத்து வாசலில் உள்ள பெட்டியில் போடுங்கள். சரியான விடை அடுத்த இதழில், இதே மூலையில்.

– பதினோராம் வகுப்பு, 'ஆ' பிரிவு